ஒரு வண்டிக்கு ஒரே கேஜ்

ஆர்லிஸ் பிரெக்கேயின் குரலைப் பிடிப்பது சுலபம். தாடையைக் கொஞ்சம் முன்னால் தள்ளிக்கொண்டு, வாக்கியத்தைப் பாதியில் விட்டுவிட வேண்டும். மீதியை எதிராளி முடித்துக்கொள்வார். சர்ச்சில் காபி நேரத்தில் நான் அப்படிப் பேசிக் காட்டினால் பாஸ்டரே ஒரு தடவை வாசல் பக்கம் பார்த்துக்கொள்வார்.

ஆர்லிஸ் என்ற அந்த அம்மாவுக்கு அப்போது ஐம்பத்தொன்பது வயது. எங்கள் கவுண்டியின், அதாவது மாவட்டத்தின், மண் சாலைகளை மட்டம் போடும் கிரேடரை இருபத்தாறு வருஷமாக ஓட்டிக்கொண்டிருந்தார். எந்த மதகு எப்போது அடைக்கும், எந்தச் சோளக்கொல்லை ஓரத்தில் எத்தனை ஃபெசன்ட் என்கிற காட்டுச் சேவல் காலையில் சரளைக்கல் பொறுக்க வரும், எல்லாம் அவருக்குத் தெரியும். கல்யாணம் பண்ணிக்கொள்ளவில்லை. ஏன் என்று யாராவது கேட்டால், "ரெண்டு பேரு கேட்டாங்க. ஒருத்தன் நாயை எட்டி உதைச்சான். இன்னொருத்தன்..." என்று நிறுத்திவிடுவார். அந்த இன்னொருத்தன் என்ன செய்தான் என்பது தெரியாமலேயே எங்கள் ஊரில் ஒரு தலைமுறை போய்விட்டது.

அவருக்கு ஒரே தம்பி, நாரிஸ். மாடு வளர்ப்பவர். பேசும்போது வார்த்தை எல்லாம் மூக்கு வழியாக வரும். அக்காவும் தம்பியும் நாற்பது வருஷத்துக்கு மேலாக ஒவ்வோர் அக்டோபரிலும் ஒரே பிக்கப் வண்டியில், பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து சேவல் வேட்டைக்குப் போனவர்கள். இருவரிடமும் பன்னிரண்டு கேஜ் துப்பாக்கி. ஸ்டியரிங்குக்கு முன்னால் கண்ணாடியை ஒட்டி ஒரே ஒரு தோட்டாப் பெட்டி திறந்து கிடக்கும். இரண்டு கைகளும் அதற்குள்தான் போகும்.

ஒரே பெட்டி என்பதற்குக் காரணம் உண்டு. அவர்கள் அப்பா போட்ட சட்டம் அது: ஒரு வண்டிக்கு ஒரே கேஜ். கேஜ் என்பது துப்பாக்கிக் குழலின் அளவு, எண் ஏற ஏறக் குழல் ஒல்லியாகும். இருபது கேஜ் தோட்டாவைத் தெரியாமல் பன்னிரண்டு கேஜ் துப்பாக்கியில் போட்டுவிட்டால், அது வழுக்கிக்கொண்டு போய்க் குழலுக்குள் சிக்கிக்கொள்ளும். வெடிக்கவில்லையே, காலியாக இருக்கிறது போலிருக்கிறது என்று பின்னாலேயே ஒரு பன்னிரண்டைத் தள்ளி விசையை இழுத்தால், சோளக்கதிரின் தோல் உரிவதுபோலக் குழல் உரிந்துவிடும். அப்பாவின் சித்தப்பா மகனுக்கு அப்படித்தான் இடது கை போனது. இப்போதெல்லாம் இருபது கேஜ் தோட்டா மஞ்சளில்தான் வருகிறது, குழப்பமே இல்லை என்று நான் ஒருமுறை ஆர்லிஸிடம் சொன்னேன். "பாக்கெட்டுக்குள்ள விரலுக்குக் கண்ணு இருக்கா?" என்று கேட்டார். 

நாரிஸின் மனைவி இறந்து எட்டு வருஷம் ஆகியிருந்தது. அந்த வசந்தத்தில் அவர் மறுபடி கல்யாணம் செய்துகொண்டார். மினசோட்டா பக்கத்துப் பெண், பெயர் கொலெட். பல் டாக்டரிடம் பல் சுத்தம் செய்யும் வேலை. சின்ன உருவம். எதிரில் இருப்பவர் வாய் திறந்தால் பல்லைப் பார்க்காமல் இருக்க அவரால் முடியாது. அவரும் வேட்டைக்காரர்தான். அவர் அப்பா கொடுத்த இருபது கேஜ் பம்ப் துப்பாக்கி வைத்திருந்தார், முன்கட்டையைப் பின்னால் இழுத்துத் தள்ளித் தோட்டா ஏற்றுகிற ரகம்.

இருபது கேஜ் என்று கேள்விப்பட்டதும் ஆர்லிஸுக்கு மனசு குளிர்ந்துபோனது. சட்டப்படி இருபதுக்கு அந்த வண்டியில் இடம் இல்லை. வீடு கொலெட்டுக்குப் போகட்டும், சமையலறை போகட்டும், ஞாயிற்றுக்கிழமை சாப்பாடு போகட்டும். அக்டோபர் மட்டும் தனக்கு. இதை ஆர்லிஸ் யாரிடமும் சொல்லவில்லை. ஆனால் அந்தக் கோடை முழுக்கக் கொலெட் வீட்டு முன்னால் போகும் சாலை மட்டும் ரொம்ப நன்றாக மட்டமாக இருந்தது.

எங்கள் குடும்பத்துக்கு ஒரு ஹார்டுவேர் கடை உண்டு. பின்பக்கச் சுவரில் துப்பாக்கி அடுக்கு. அந்த ஜூலையில் அரிசோனாவுக்குக் குடிபோன ஒரு குடும்பம் மூன்று பழைய பம்ப் துப்பாக்கிகளை எங்களிடம் விற்கக் கொடுத்துவிட்டுப் போனது. ஒன்று பன்னிரண்டு கேஜ், காலித் தோட்டாவைக் கீழ்ப்பக்கமாகத் துப்புகிற ரகம், எடை குறைவு. ஒன்று பதினாறு கேஜ், போருக்கு முந்தையது, கட்டையில் தேன் நிறம். ஒன்று இருபது கேஜ், நீளக் குழல், அதிகம் சுடப்படாதது. மூன்றையும் வரிசையாக நிறுத்திவைத்தேன்.

இரண்டாம் நாளே நாரிஸ் வந்தார். வேலிக் கம்பிக்கு ஆணி வேண்டும் என்றார். ஆணியை எடுத்துக்கொண்டு அடுக்குப் பக்கம் போனார். இருபதை எடுத்துத் தோளில் வைத்துப் பார்த்தார், திரும்ப வைத்தார். அந்த வாரத்தில் இன்னும் இரண்டு தடவை ஆணி வாங்க வந்தார்.

ஆகஸ்ட் முதல் வாரம் ஆர்லிஸ் கிரீஸ் வாங்க வந்தார். கடையில் வேறு யாரும் இல்லை. எனக்குத்தான் வாய் சும்மா இருக்காதே. கிரீஸ் டப்பாவைப் பையில் போட்டுக்கொண்டே, மூக்கால் பேசிக் காட்டினேன்.

"தோளுக்கும் வயசாகுதுல்ல. இருபதுன்னா மெத்துனு இருக்கும்ல?"

ஆர்லிஸின் கை சில்லறைப் பணப்பைக்குள் அப்படியே நின்றது.

"இதை யாரு சொன்னது?"

"சும்மா. பொதுவா."

"பொதுவா யாரும் மூக்கால சொல்ல மாட்டாங்க. எப்ப வந்தான்?"

சொன்னேன். மூன்று தடவை என்பதையும் சொன்னேன். நாரிஸ் இருபதுக்கு மாறினால் வண்டியில் இரண்டு இருபது, ஒரு பன்னிரண்டு. சட்டம் ஒன்றுதான், ஆனால் இந்தத் தடவை அது வெளியே தள்ளப்போவது ஆர்லிஸை. அவர் போட்ட கணக்கு அவர் முகத்திலேயே தெரிந்தது. கிரீஸை எடுக்காமல் அடுக்குப் பக்கம் போனார்.

அதற்குப் பிறகு ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் வந்தார். மூன்றையும் மாறி மாறித் தூக்கிப் பார்ப்பார். கூடவே கொலெட்டைப் பற்றி ஏதாவது ஒன்று வந்து விழும். நாரிஸ் இப்போது மாட்டுக்குத் தீனி போடவே இஸ்திரி போட்ட சட்டையில் போகிறானாம். காபிக்குச் சர்க்கரை போட்டால் கொலெட் ஒன்றும் சொல்ல மாட்டாளாம், ஆனால் பார்ப்பாளாம். அவள் சுட்ட ஆப்பிள் கேக்கைச் சர்ச்சில் எல்லோரும் இரண்டாம் துண்டு கேட்டார்களாம், அதில் ஆப்பிளே குறைவாம்.

"அப்ப நீங்களே இருபதை வாங்கிடுங்களேன். நாரிஸுக்கு இல்லாம போயிடும்" என்றேன்.

"நான் வாங்கினா என்ன ஆகும்? அவளுக்காக நான் மாறினேன்னு ஊரே சொல்லும்."

பதினாறை எடுத்து நீட்டினேன். தூக்கினால் இருபது மாதிரி லேசு, சுட்டால் பன்னிரண்டு மாதிரி அடி என்று பெரியவர்கள் சொல்வதைச் சொன்னேன். ஆர்லிஸ் அதைக் கையில் வாங்கி, கட்டையைத் தடவிப் பார்த்தார். அழகாகத்தான் இருந்தது. ஆனால் அந்தக் காலத்துப் பதினாறுக்குக் குட்டைத் தோட்டா, இப்போது வருவது அதற்கு நீளம். அப்படியே கிடைத்தாலும் எங்கள் கடைக்கு வருஷத்துக்கு ரெண்டு பெட்டி வந்தால் பெரிசு.

"பதினாறு வாங்கினா யாரு வண்டியிலயும் இடம் இல்ல. தனியா போய் தனியா சாகலாம்" என்று திருப்பி வைத்தார்.

நாலாவது வெள்ளிக்கிழமை, அந்த லேசான பன்னிரண்டைக் கையில் எடுத்தார். உள்ளங்கையில் வைத்து ஏற்றி இறக்கிப் பார்த்தார். அவரிடம் ஏற்கெனவே இருக்கும் பன்னிரண்டு உலக்கை மாதிரி இருக்கும், சுடும்போது தோளில் விழும் உதையை அந்தக் கனமே வாங்கிக்கொள்ளும். இது அப்படி இல்லை.

"என்ன எடை?"

"ஆறே கால் பவுண்டு."

"உதைக்குமா?"

"புதுசா லாடம் அடிச்ச குதிரை மாதிரி. இதை வச்சிருந்தவரே டிசம்பர்ல வெளிய எடுக்க மாட்டாராம்."

ஆர்லிஸ் சிரித்தார். அவர் சிரித்து நான் பார்த்தது குறைவு.

"கொலெட்டுக்குக் கல்யாணப் பரிசே குடுக்கல. ஒரு ரொட்டி வாட்டுற மெஷின் குடுக்கலாம்னு இருந்தேன். இது நல்லா இருக்கும். அவளும் பன்னிரண்டு ஆயிடுவா. எல்லாரும் ஒரே பெட்டி."

நான் அவரைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்த்தார்.

"அந்தப் பித்தளை உசரமா இருக்குற குளிர்காலத் தோட்டா இருக்கும்ல, அதுல ரெண்டு பெட்டி சேர்த்து வை. பொண்ணு முதல் தடவை பன்னிரண்டு சுடப்போறா. குறைச்சலா குடுக்கக் கூடாது."

மருந்தும் குண்டும் கூடுதலான அந்தத் தோட்டா டிசம்பரில், தூரத்திலேயே எழும்பிப் பறக்கும் கிழட்டுச் சேவலுக்கானது. அக்டோபரில் அது தேவையே இல்லை. எனக்குத் தெரியும், அவருக்கும் தெரியும். சின்ன உருவம், லேசான துப்பாக்கி, கனமான தோட்டா. ஒரே மத்தியானத்தில் கொலெட்டுக்கு வேட்டை ஆசையே விட்டுப்போகும். இருபதும் போச்சு, பன்னிரண்டும் வேண்டாம் என்று வீட்டில் உட்கார்ந்துவிடுவார். நாரிஸ் இருபது வாங்கக் காரணமே இருக்காது. இவ்வளவும் பரிசு என்ற பெயரில். நான் துப்பாக்கியைப் பழுப்புக் காகிதத்தில் சுற்றி, மேலே ரிப்பன்கூடக் கட்டிக்கொடுத்தேன். அதில் எனக்கு ஒன்றும் பெருமை இல்லை.

ஊர் ஆர்லிஸைக் கொண்டாடியது. நாத்தனார் என்றால் இப்படி இருக்க வேண்டும் என்று பாஸ்டரின் மனைவி சொன்னார். நாரிஸ் கடைக்கு வந்து, மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "அக்கா மனசு யாருக்கு வரும்" என்றார். இருபதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

அக்டோபர் மூன்றாம் சனிக்கிழமை பகல் பன்னிரண்டு மணிக்கு வேட்டைப் பருவம் தொடங்கும். பதினொன்றரைக்கே வயலோரம் எல்லா வண்டிகளும் நின்று, எல்லோரும் ரேடியோவில் மணி பார்த்துக்கொண்டு முட்டை சாண்ட்விச் தின்பார்கள். நாரிஸின் வயல் கடைசியில் நின்று பறவைகளை மறிக்க என்னைக் கூப்பிட்டிருந்தார்கள். நான் என் வண்டியில் போய் இறங்கியபோது அவர்கள் மூவரும் பிக்கப்பில் இருந்தார்கள். அப்போதுதான் ஆர்லிஸ் கணக்கில் சேர்க்காத ஒன்று எனக்குத் தெரிந்தது. மூன்று பேர் உட்காரும் சீட்டில் சின்ன ஆள்தான் நடுவில் உட்கார வேண்டும். நாரிஸுக்கும் ஆர்லிஸுக்கும் நடுவில் கொலெட். நாற்பது வருஷத்தில் முதல் தடவை. பெட்டிக்குக் கை நீட்டும்போதெல்லாம் ஆர்லிஸின் கை கொலெட்டைத் தாண்டிப் போக வேண்டியிருந்தது.

மணி அடித்தது. நாய் முன்னால் ஓட, மூவரும் சோள வரிசையில் நடந்து வந்தார்கள். முதல் சேவல் கொலெட்டின் காலடியிலிருந்தே எழும்பியது. அவர் சுட்டார். சேவல் விழுந்தது. கொலெட் ஒரு எட்டு பின்னால் போனார். நாரிஸ் கைதட்டினார். ஆர்லிஸ் கொலெட்டின் முகத்தையே பார்த்தார். கொலெட் தொப்பியைச் சரிசெய்துகொண்டு அடுத்த தோட்டாவைப் போட்டார்.

இரண்டு மணிக்குள் அவர் பத்துத் தடவையாவது சுட்டிருப்பார். இரண்டு சேவல் கிடைத்தது. மூன்று மணிக்கு, நான் நின்ற இடத்திலிருந்து பார்த்தேன், துப்பாக்கியை இடது தோளுக்கு மாற்றியிருந்தார். இடதில் அவருக்கு வரவில்லை. வரிசையாகத் தவறவிட்டார். நாரிஸ் அதைப் பெரிய முயற்சி என்று பாராட்டிக்கொண்டே நடந்தார். மாட்டைத் தவிர எதையும் உற்றுப்பார்க்கிற ஆள் இல்லை அவர். ஒரு வார்த்தை, ஒரு முனகல் கொலெட்டிடமிருந்து வரவில்லை. அது வராததால் ஆர்லிஸின் நடை மாறிக்கொண்டே வந்தது. எழும்பின சேவலைக்கூட இரண்டு முறை பார்க்காமல் விட்டார்.

வெளிச்சம் இருக்கும்போதே முடித்துவிட்டோம். நாரிஸ் நாயைக் குட்டைக்குக் கூட்டிப்போனார். வண்டியின் பின்கதவை இறக்கி அதன்மேல் வைத்து நாங்கள் மூவரும் சேவல்களைச் சுத்தம் செய்தோம். தண்ணீர்க் கேனைத் தூக்க முயன்ற கொலெட்டால் வலது கையை உயர்த்த முடியவில்லை. சட்டைக் காலர் விலகியது. தோளிலிருந்து நெஞ்சு வரை பழுத்த பிளம் நிறம், ஓரத்தில் சிவப்பு.

ஆர்லிஸ் கேனை வாங்கினார்.

"ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல."

"எதுக்கு?" என்றார் கொலெட். "எங்க அப்பாகிட்டயும் இதே பன்னிரண்டு இருந்துச்சு. காகிதத்தைப் பிரிச்சதும் தெரிஞ்சுபோச்சு. தோட்டாப் பெட்டியப் பாத்ததும் இன்னும் நல்லாத் தெரிஞ்சுது."

நான் சேவலின் இறகைப் பிடுங்குவதில் ரொம்பக் கவனமாக ஆனேன்.

"தெரிஞ்சுமா சுட்ட?"

"வேண்டாம்னு சொன்னா அவரு அந்த இருபதை வாங்கிட்டு வந்து நிப்பாரு. உங்களை ரோட்டுல விட்டுட்டு என்னை ஏத்திக்குவாரு. அப்புறம் ஆயுசுக்கும் நீங்க என்கூடப் பேச மாட்டீங்க. தோள் பத்து நாள்ல சரியாயிடும், ஆர்லிஸ். உங்க கோபம் சரியாகாது."

ஆர்லிஸ் தண்ணீரை ஊற்றினார். கொலெட் கையைக் கழுவினார். நாய் நனைந்து திரும்பி வந்தது. நாரிஸ் அதன் பின்னாலேயே, என்னமா நாள் என்று சொல்லிக்கொண்டு வந்தார்.

திங்கட்கிழமை காலை கடையைத் திறக்கும்போதே கிரேடர் வெளியே நின்றுகொண்டிருந்தது. ஆர்லிஸ் நேராக அடுக்குக்குப் போனார், இருபதை எடுத்தார், மேசைமேல் வைத்தார்.

"நல்லவளா இருந்துட்டுப் போகட்டும். ஆனா அதுலயும் என்னைவிட அதிகமா இருக்கணுமா?" என்றார். சிவந்த முகம். ராத்திரி தூங்கினவர் மாதிரி இல்லை.

"யாருக்கு இது?"

"எனக்கு. இனிமே வண்டி இருபதுதான். யாரும் சொல்லி நான் மாறல. நானா மாத்துறேன். அவ தன்னோட பழைய துப்பாக்கியை எடுத்துக்கட்டும்."

"அவங்களோடது இருபத்தாறு அங்குலக் குழல். இது இருபத்தெட்டு, குறி இன்னும் நல்லா நிக்கும்" என்றேன்.

"தெரியும்" என்றார் ஆர்லிஸ். அந்த ஒரு வார்த்தையை முழுசாகச் சொன்னார்.

புதன்கிழமை நாரிஸ் வந்தார். ஆணி வேண்டும் என்றுகூடச் சொல்லவில்லை. காலியாக இருந்த இடத்தைப் பார்த்தார். யார் என்று கேட்டார். சொன்னேன். அவருக்கு விஷயம் மெதுவாகத்தான் இறங்கியது. வண்டி இருபதாகிவிட்டது. அக்காவிடம் இருபது, மனைவியிடம் இருபது. தன்னிடம் பன்னிரண்டு. புது இருபது ஒன்று வரவழைத்துத் தரவா என்றேன். பழைய பம்ப்தான் வேண்டும், புதுசெல்லாம் தகர டப்பா என்றார். வாட்டர்டவுன் நகரம் வரை போய்த் தேடினார். கிடைக்கவில்லை.

"அப்பா சொன்னது. அதை மீற முடியாது" என்று மூக்கால் சொல்லிவிட்டு, வெறுங்கையோடு போனார்.

அந்தச் சனிக்கிழமை நான் மறுபடியும் வயல் கடைசியில் நின்றேன். வண்டியை ஆர்லிஸ் ஓட்டி வந்தார். ஜன்னலோரம் கொலெட். நடுவில், கியர்க் கம்பிக்கு இரண்டு பக்கமும் முழங்காலை மடக்கி வைத்துக்கொண்டு, பெரிய உடம்போடு நாரிஸ். இறங்கியபோது அவர் கையில் ஒரு குச்சியும் சேவல் போடும் சாக்குப் பையும் மட்டும் இருந்தன. ஒவ்வொரு தடவை சேவல் எழும்பும்போதும் அவர் இரண்டு கையும் தானாகத் தோளுக்குப் போய், குச்சியோடு இறங்கியது. இரண்டு பக்கத்திலிருந்தும் அவரை இழுத்தார்கள். "நாரிஸ், இங்க வா, எடு" என்று இடது பக்கம். "நாரிஸ், இதையும்" என்று வலது பக்கம். அவ்வளவு நடை அவர் மாட்டுக்குப் பின்னால்கூட நடந்திருக்க மாட்டார்.

மறுபடி திங்கட்கிழமை ஆர்லிஸ் வந்தார். ஒரு பெட்டி மஞ்சள் தோட்டா கேட்டார்.

"எப்படிப் போச்சு?" என்றேன், எல்லாவற்றையும் பார்த்திருந்தும்.

"அவ ரெண்டு, நான் ரெண்டு. கடைசிச் சேவல் ஒண்ணு, ரெண்டு பேரும் ஒரே நேரத்துல சுட்டோம். என்னோடதுதான் பட்டது. நான் சொல்ல வாயைத் தொறக்குறதுக்குள்ள, 'உங்களோடதுதான், எடுத்துக்கோங்க'ன்னு சொல்லி என் பக்கம் தள்ளிட்டா."

"அப்ப நல்லதுதானே?"

"என்ன நல்லது? அவ குடுத்து நான் வாங்கினதா ஆச்சு." பெட்டியைக் கோட்டுப் பையில் போட்டார். "பம்ப் கொஞ்சம் இறுக்கமா இருக்கு. அவளோடது சறுக்கிக்கிட்டுப் போகுது. நல்ல எண்ணெய் எதாவது வச்சிருக்கியா?"

இருப்பதிலேயே நல்லதை எடுத்துக் கொடுத்தேன். முந்தின வெள்ளிக்கிழமையே கொலெட் வந்து, ஆர்லிஸ் கேட்டால் எந்த எண்ணெயைக் கொடுப்பேன் என்று விசாரித்து, இதே டப்பாவில் இரண்டு வாங்கிப் போயிருந்தார். அதை நான் சொல்லவில்லை.